தஞ்சைச் சுவார்ட்சு ஐயர்

கிறிஸ்து பெருமானிடம் சிறு பிள்ளைகளைக் கொண்டு வந்தோரைச் சீடர் தடுத்தனர் என்பதும், பெருமான் அது பொறாது அப்பிள்ளைகளை அணைத்து ஆசி கூறினார் என்பதும் நாம் அனைவரும் அறிந்த வரலாறாம். அதனை அடுத்தே, மிக்க பொருளுடைய ஒருவன் பெருமானை அணுகி வாழ்வின் வழியை வினவியதும், தன் பொருளை ஏழைகட்கு ஈய மனமின்றி முகம் வாடித் திரும்பியதும் மறைநூலில் வைக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பது கருதத்தக்கது. பற்றுதற்கு ஒன்றும் இல்லாத குழவி தடையின்றி அணைக்கப்பெறுகின்றது. பற்றியதை விடமாட்டாத செல்வன் அருகில் வந்தும் அகன்று போகின்றான். இவ்விரு நிகழ்ச்சிகளின் கருத்தைத் தம் வாழ்வால் விளக்கிய பெரியார் ஒருவர் நம் தமிழ்நாட்டில் 48 ஆண்டுகள் வாழ்ந்து இம்மண்ணிலேயே அடங்கினார். அவரே கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்சு. சீர்திருத்தச் சபைகளின் ஐரோப்பியக் குருமாரை 'ஐயர்' என அழைப்பது நம் முன்னோர் வழக்காதலின், தமிழ் மக்கள் இவரைச் சுவார்ட்சு ஐயர் என்றே போற்றினர்.

இளமை

ஐயர் 1726-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், பிரஷ்ய அரசுக்கு உட்பட்ட சோனன்பர்க்கு என்னும் சிற்றூரில் பிறந்தார். இளங் குழவியாயிருந்த போதே அன்னையை இழந்தார். அவ்வம்மையார் இறக்குந் தறுவாயில், இம்மகவைத் தாம் இறைபணிக்கு ஒப்புவித்திருப்பதாகவும், அவன் வளர்ந்து அப்பணியை விரும்பின் தடுத்தல் கூடாதென்றும் கணவரிடமும் சபைக் குருவிடமும் கூறிக் கண்மூடினர். தாயின் நேர்ச்சையை மகன் பின்னர் முழுமனத்துடன் நிறைவேற்றினான்.

1746-இல் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அந்நகரில் பிராங்கே என்னும் பெரியார் 1695-இல் சிறு தொகையைக் கொண்டு தொடங்கிய அநாதைச் சிறுவர் இல்லம், அக்காலத்தில் பெரியதொரு கல்விச் சாலையாக விளங்கியது. தரங்கம்பாடியிலும் சென்னையிலும் தொண்டாற்றித் தாயகம் மீண்டிருந்த சூல்ட்சு ஐயர், தமிழ் விவிலியத்தை அங்கே அச்சிட முயன்று வந்தார். அவர்பால் சுவார்ட்சு தமிழ் எழுத்துக்களைக் கற்றார். தமிழகத்தைக் காணுமுன்னரே தமிழ் அவரை ஆட்கொண்டது எனலாம்.

இந்தியாவுக்குச் செல்ல அழைப்பு வந்தபோது, தந்தையார் முதலில் தயங்கிப் பின்னர் இசைந்தார். தமக்குரிய தந்தைவழிச் சொத்தை உடன்பிறந்தார்க்கு விட்டுக் கொடுத்துவிட்டு, சுவார்ட்சு வெறுங்கையினராய்ப் புறப்பட்டார். 1749-இல் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, 1750 ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியை அடைந்தார். அப்போது அவர்க்கு வயது 23.

மழலையர் நடுவே

தரங்கம்பாடி அக்காலத்தில் தேனியருக்கு உரிய துறைமுகம். சீகன்பால்கு ஐயர் 1706-இல் தொடங்கிய திருப்பணி அங்கே வேரூன்றியிருந்தது. புதிதாக வந்த இளங்குரு தமிழை எவ்வாறு கற்றார் என்பது மாணவராகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. பண்டிதரை நாடுவதற்கு முன், தமிழ்ப் பள்ளியில் மிகச் சிறிய பிள்ளைகள் இருந்த வகுப்பிற்குச் சென்றார். அவர்கட்கு ஞானோபதேசம் கற்பிக்கத் தொடங்கி, அவர்களோடு சேர்ந்து தாமும் மழலை பேசித் தமிழ் பயின்றார். ஹாலேயிற் கற்ற இருபத்து மூன்று வயதினர், ஐந்து வயதுச் சிறார் தம் உச்சரிப்பைக் கேட்டு நகைப்பதை நாணாது ஏற்றார். அதன் பயனாய், வந்த நான்கே திங்களில், நவம்பரில், சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் தமிழிற் பேருரை நிகழ்த்தினார். பின்னர்த் தமிழ் மக்கள் போற்றும் புராண நூல்களையும் பல்லாண்டு முயன்று படித்தார். மராட்டியம், பாரசீகம், இந்துஸ்தானி, போர்ச்சுகீசியம் ஆகிய மொழிகளையும் கற்றார்.

திருச்சிராப்பள்ளியில்

1762-இல் ஐயர் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றார். அடுத்த ஆண்டு அங்கே வெடிமருந்துக் கிடங்கு தீப்பற்றி வெடித்து, போர்வீரர் பலர் மாண்டனர். தந்தையரை இழந்து தெருவில் நின்ற குழந்தைகளைச் சேர்த்து ஐயர் ஒரு பள்ளி தொடங்கினார். தெப்பக்குளத்தின் அருகே 1766-இல் அவர் எழுப்பிய கிறிஸ்து நாதர் ஆலயம் இன்றும் நிற்கின்றது.

அவருடைய வாழ்க்கை முறையைக் கண்ட ஐரோப்பியர் வியந்தனர். கட்டிலொன்றும் தாமும் மட்டுமே கொள்ளத்தக்க ஒரு சிற்றறை. சோறும் காய்கறியுமே உணவு. கருஞ்சாயம் தோய்த்த பருத்தித் துணியே உடை. கோட்டைப் படைவீரர்க்குக் குருவாகவும் இருந்தமைக்காகக் கும்பினி அரசாங்கம் ஆண்டுக்கு 100 பவுன் அளித்தபோது, அதிற் பாதியைச் சபைக்கும் பள்ளிக்கும் ஈந்தார். கும்பினியின் சிற்றூழியரும் சில ஆண்டுகளில் பெருஞ்செல்வராய்க் கப்பலேறிய காலம் அது. நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தோர் பலர். அத்தகைய காலத்தில், அரண்மனைகளிற் பழகியும் காணிக்கை கொள்ளாத ஒருவர் இருந்தார் என்பது தமிழ்நாடெங்கும் பரவியது. பணத்தை அவர் வெறுத்தாரல்லர். ஊருணியிற் சேர்ந்த நீர் ஊரார்க்கே பயன்படுதல் போல, அவர்பால் வந்த பொருள் அனைத்தும் பள்ளிக்கும் பசித்தோர்க்கும் சென்றது.

கொங்கு நாட்டு வழியே

தஞ்சை மன்னர் துளஜாவை ஐயர் 1769-இல் முதன்முதற் கண்டார். மன்னர் அவர்பால் பேரன்பு கொண்டார். 1778 முதல் தஞ்சையே ஐயரின் உறைவிடமாயிற்று. அதற்கு அடுத்த ஆண்டில், அவர் எதிர்பாராத பணி ஒன்று வந்தது. மைசூர் அதிபர் ஐதரலியின் உட்கருத்தை அறிய விரும்பிய சென்னை அரசாங்கத்தார், தம் தூதராகச் செல்லுமாறு ஐயரை வேண்டினர். வேறெவரையும் நம்பாத ஐதரலி, இக்குருவின் சொல்லை நம்புவார் என்பதே காரணம். அரசியலிற் புகுதல் தகுமோ என ஐயர் தயங்கினார். போரைத் தடுக்க இயலுமாயின் அது நற்செயலே எனக் கருதி இசைந்தார். கும்பினியார்பால் தமக்கெனக் கைம்மாறு ஒன்றும் கொள்வதில்லை என்றும் துணிந்தார்.

நம் கொங்கு நாடு அப்போது மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1779 ஜூலையில் புறப்பட்ட ஐயர், எல்லையூராகிய கரூரில் ஏறக்குறைய ஒரு திங்கள் தங்கி, மேற்செல்ல ஆணை பெற்று, கொங்கு நாட்டைக் கடந்து மலையேறி ஆகஸ்டு இறுதியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடைந்தார். அங்கே கோட்டைக்கு அருகில் கூடாரத்தில் தங்கினார். ஐதரலியின் படையிற் பணிபுரிந்த செருமானியர் முதலியோர்க்கு அங்கேயே இறைவழிபாடு நடத்தினார்; யாரும் தடுக்கவில்லை.

விடைபெறும்போது வழிச் செலவுக்கென ஐதரலி 300 ரூபாய் அனுப்பினார். மறுத்தால் அவமதிப்பாகும் என்றமையால் ஐயர் ஏற்றார். சென்னை சேர்ந்ததும் அதனை அரசாங்கத்தாரிடம் ஒப்புவித்தார். அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லவே, தஞ்சையில் ஏழைச் சிறார்க்கு ஓர் ஆங்கிலப் பள்ளி நிறுவ அதனை முதற் பொருளாக்கினார்.

ஆயினும் தூது பயன்படவில்லை. ஐயர் மெய்யுரைத்தார், அவரை அனுப்பியவர்களின் செயலோ அம்மெய்க்கு இசையவில்லை. 1780-இல் ஐதரலி பெரும்படையுடன் கர்நாடகத்தின்மீது பாய்ந்தார். ஊர்கள் எரிந்தன. அப்போரின் நடுவிலும், இக்குருவை எவரும் தடுத்தலாகாது, அவர்க்குத் தீங்கு செய்தலாகாது என ஐதரலி தம் படைத்தலைவர்க்கு ஆணையிட்டிருந்தார். பகைவரின் பாசறைகளினூடே ஐயர் அச்சமின்றிச் சென்று வந்தார். வஞ்சனை அறியாத நெஞ்சைப் பகைவனும் இனங்கண்டு கொள்ளுகின்றான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

1783-இல் திப்பு சுல்தானிடம் சமாதானம் பேசச் சென்ற தூதுவர்க்கு உதவுமாறு ஐயர் மீண்டும் அழைக்கப்பட்டார். இம்முறை சத்தியமங்கலம் வரை சென்ற அவரை மைசூர் அலுவலர் தடுத்து நிறுத்தினர். அவ்வாண்டிற்றான் கர்னல் புல்லர்ட்டன் நம் ஆனைமலைக் காடுகளினூடே படை நடத்திப் பாலக்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றினார். போர்த்தொழிலே தொழிலாகக் கொண்ட அவரும், ஐரோப்பியர் இந்நாட்டில் இழந்த நற்பெயரை மீட்டுத் தந்தவர் இக்குருவே எனப் பின்னர்த் தம் நூலில் எழுதினார்.

ஒரு சொல்லின் விலை

போரோடு பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டையில் மக்கள் நிறைந்திருந்தனர், களஞ்சியங்களோ வெறுமையாயின. வெளியூர்களில் நெல் இருந்தது. ஆனால் அதனை ஏற்றிவர மாடு கொடுப்பார் இல்லை. முன்பு கொடுத்தவர்க்கு மன்னரின் அலுவலர் கூலி தாராது ஏமாற்றியிருந்தனர். மன்னரின் ஆணைக்கும் கும்பினியின் வாக்குறுதிக்கும் எவரும் செவிசாய்க்கவில்லை. இறுதியில், கூலியை நானே தருவேன் என மக்களுக்கு உறுதி கூறுமாறு ஐயரை வேண்டினர். அவர் அவ்வாறே ஊரூராக ஆளனுப்பிச் சொல்வித்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. ஐயர் ஒருவர் விடாது அனைவர்க்கும் கூலி தந்து அனுப்பினார். பஞ்சம் வருமென முன்னுணர்ந்து நெல் மலிந்த காலத்தில் அவர் வாங்கி வைத்திருந்த அரிசியும் ஏழைகளின் உயிர் காத்தது. அதனைப் பெற்றவர் இன்ன சமயத்தார் என அவர் பார்க்கவில்லை.

பின்னரும் ஒருமுறை, வரிக் கொடுமை தாங்காது உழவர் பல்லாயிரவர் தஞ்சை நாட்டை விட்டு அகன்றனர். வயல்கள் தரிசாயின. நீதி வழங்கப்படும் என ஐயர் வாக்களித்த பின்னர், ஒரே நாளில் 7000 பேர் திரும்பி வந்தனர்.

இதனை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். மன்னரிடம் கருவூலம் இருந்தது. கும்பினியிடம் படை இருந்தது. இரண்டும் ஓர் உழவனின் காளையையும் அசைக்க இயலவில்லை. சிற்றறையில் வாழ்ந்த ஒருவரின் வாய்ச்சொல் ஆயிரம் காளைகளை நடத்தி வந்தது. சிறுபிள்ளையின் நம்பிக்கை என்பது எதையும் எளிதில் நம்பும் பேதைமையன்று. பிள்ளை பிறரை நம்புகின்றது. பிறர் நம்பத்தக்கதாகவும் இருக்கின்றது. ஐயரிடம் விளங்கியது இவ்விரண்டாம் இயல்பேயாகும். தமக்கென ஒன்றும் வேண்டாதார் ஆகலின் அவர் பொய் கூறவேண்டிய தேவை எழவில்லை. அவருடைய வறுமையே அவர் சொல்லுக்குப் பொன்னின் மதிப்பைத் தந்தது.

அரசிளங்குமரன்

மகப்பேறின்றி நோயுற்ற துளஜா மன்னர், 1787-இல் சரபோஜி என்னும் சிறுவனைத் தத்தெடுத்தார். அப்பிள்ளைக்கு அப்போது வயது ஏறக்குறைய பத்து. மன்னர் ஐயரை அழைத்து, இவன் இனி உங்கள் பிள்ளை என ஒப்புவித்தார். அரண்மனைக்குள் இருந்து காத்தல் தமக்கு இயலாது எனக் கருதிய ஐயர், மன்னரின் தம்பி அமர்சிங்கைப் பாதுகாவலராக்கலாம் எனக் கூறினார். மன்னர் இறந்தார். தத்தெடுத்தது செல்லாது எனப் பண்டிதர் சிலர் கூற, அமர்சிங்கே அரியணை ஏறினார். சிறுவனோ வெளிச்சம் புகாத அறையில் அடைக்கப்பட்டான். கல்வி பயிற்றுவார் இல்லை. ஐரோப்பாவிலும் சிறுவர்கள் கதிரவனையும் திங்களையும் காணாதபடிதான் வளர்க்கப்படுகின்றனரா என அவன் ஒருகால் ஐயரை வினவினான் என்பர். அவ்வினா அவர் நெஞ்சைப் பிளந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அன்றுமுதல் ஐயர் ஓயவில்லை. அரசாங்கத்தார்க்கு மீண்டும் மீண்டும் எழுதினார். 1793-இல் சிறுவனையும் மறைந்த மன்னரின் மனைவியரையும் சென்னைக்குக் கொண்டுவரச் செய்து, அவன் கல்வியைக் கெரிக்கே ஐயரிடம் ஒப்புவித்தார். தத்தெடுப்பைப் பற்றிய சாத்திரச் சான்றுகளை ஆராய்ந்து உரைத்தார். அதன் பயனாய் 1798-இல் சரபோஜி மன்னராயினார். அதற்குள் ஐயர் மறைந்து விட்டார்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. சரபோஜி மன்னர் இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார். ஐயரின் அன்பு அதனால் குறையவில்லை. மன்னரின் அன்பும் குறையவில்லை. ஆசியாவின் சிறந்த நூலகங்களுள் ஒன்றாகிய சரசுவதி மகாலை வளர்த்த அவ்வறிஞர், ஐயரின் நினைவாக ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளையும் ஊட்டி வளர்த்தார். மதமாற்றத்தை விலையாகக் கேளாத அன்பு எத்தகைய கனியைத் தரும் என்பது இதனால் விளங்கும். இதே காலத்தில், திருநெல்வேலிச் சீமையினின்று ஐயர் அழைத்து வந்து வளர்த்த மற்றொரு சிறுவன் வேதநாயகம். அவரே பின்னர் வேதநாயக சாஸ்திரியார் எனத் தமிழ்க் கிறிஸ்தவ உலகம் போற்றும் கவிஞரானார்.

ஒரு குறை

பெரியார் வாழ்வை எழுதுவோர் குறையை மறைத்தல் நன்றன்று. ஐயரின் சபையில் பல சாதியாரும் இருந்தனர். பாளையங்கோட்டையில் மராட்டிய அந்தணக் கைம்பெண்ணாகிய குளோரிந்தா 1778-இல் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். அவர் கட்டிய ஆலயத்தை 1785-இல் ஐயரே சென்று அர்ப்பணம் செய்தார். தமிழராகிய சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்று அச்சபைக்கு அனுப்பப்பட்டார். தாழ்த்தப்பட்ட மக்களும் தஞ்சைச் சபையில் மிகப் பலர். ஆயினும் ஆலயத்துள் அவர்கள் ஒருபுறமும், பிற சாதியார் ஒருபுறமுமாக அமர்ந்தனர். ஐயர் இதனை விரும்பினாரல்லர். ஆனால் வன்மையால் நீக்காது, அன்பாலும் போதனையாலும் காலப்போக்கில் நீங்கும் என நம்பிப் பொறுத்தார்.

அப்பொறுமை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அவர் மறைந்து 35 ஆண்டுகள் கழிந்த பின்னும் வேறுபாடு நீங்கவில்லை. 1833-இல் பேராயர் வில்சன், சபையினுள் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டபோது, தஞ்சையில் பலர் சபையை விட்டே விலகினர். ஐயர் வளர்த்த வேதநாயக சாஸ்திரியாரும் பழைய வழக்கையே ஆதரித்து நின்றார்.

இதனால் ஐயரின் பெருமை அழிந்துவிடாது. அவர் காலத்தையும் கருதவேண்டும். எனினும் இப்பொறுமையின் சுமையைத் தாங்கியவர் யாவர் என்னும் வினா எழுகின்றது. மேற்சாதியாரின் மனம் நோகாதிருத்தற்பொருட்டு, மறுபுறத்துப் பாயில் அமர்ந்தோர் இரண்டு மூன்று தலைமுறை காத்திருக்க நேர்ந்தது. செல்வத்தைத் துறத்தல் அரிது என்கின்றோம். பொருள் ஒன்றே செல்வமன்று. பிறப்பின் பெருமையும் ஒரு செல்வமே. பொன்னைத் துறந்தோரும் அதனைத் துறவாது முகம் வாடித் திரும்புகின்றனர். தந்தை சொத்தை ஒருநாளில் துறந்த ஐயர், தம் மக்கள் இச்செல்வத்தைத் துறக்கும் நாளைக் காணாமலே சென்றார்.

மறைவு

1798 பிப்ரவரி 13-ஆம் நாள், தம் 72-ஆம் வயதில் ஐயர் இறைவனடி சேர்ந்தார். அவர் திருமணம் செய்துகொண்டவரல்லர். தம்மிடம் எஞ்சியிருந்த பொருளை மிஷனுக்கே விட்டுச் சென்றார். இறுதி முகத்தைக் காணச் சரபோஜி வருமளவும் அடக்கம் தாமதிக்கப்பட்டது. இளவரசர் வந்து கதறியழுது பேழையின்மேல் துணி போர்த்தினார். கோட்டைக்கு வெளியே தோட்டத்திலிருந்த ஆலயத்தில் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. வழிபாட்டுப் பாட்டைத் தொடங்கிய பள்ளிப்பிள்ளைகள் அழுகையாற் பாட மாட்டாது நின்றனர். கல்லறைக் கல்லில் பொறிக்கச் சரபோஜியே ஆங்கிலத்திற் கவி இயற்றினார். சிவகங்கைக் கோட்டையுள் உள்ள சுவார்ட்சு ஆலயத்தில், இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செதுக்கிய சலவைக்கல் சிற்பத்தை இன்றும் காணலாம். மரணப் படுக்கையில் ஐயர் கிடக்கின்றார். மன்னர் அருகில் நிற்கின்றார். பள்ளிச் சிறுவரும் சூழ்ந்திருக்கின்றனர். அரசனுக்கும் அநாதைக்கும் ஒரே கட்டிலருகே இடம் தந்த வாழ்க்கைக்கு ஏற்ற சிற்பமாம் அது.

நாம் செய்யத்தக்கது

நம் நாட்டில் சில ஊர்களில் இன்றும் கிறிஸ்தவரின் கல்லறைத் தோட்டங்கள் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரே திருமுழுக்கைப் பெற்றோர் மண்ணுக்குள்ளும் பிரிந்து கிடக்கின்றனர். ஐயர் பொறுத்ததை நாமும் பொறுக்கலாம் எனக் கருதுதல் அவரைப் போற்றுவதாகாது. அவர் தொடங்கி முடிக்க இயலாது விட்டதை முடித்தலே போற்றுதலாம். மிகச் சிறிய வகுப்பில் தரையில் அமர்ந்து குழந்தைகளோடு மழலை பேசிய அம்முதல் நாளில், இன்னாருக்குப் பக்கத்தில் இன்னார் அமரலாகாது என்னும் எண்ணம் அவருக்கு எழுந்திராது. கல்லூரியிலும், விடுதியிலும், சபையிலும், திருமணப் பந்தியிலும் நாம் அத்தரையிலேயே அனைவரோடும் அமரக் கற்போமாக.